அடுக்குமாடி வீட்டிலிருந்து கேக் விற்க: அடுப்பைக் கடைசியில் வாங்குங்கள்

2022 ஐப்பசியில் 60 லிட்டர் ஓ.டி.ஜி. (கேக் வேகவைக்கும் மின்சார அடுப்பு) ஒன்றை வாங்கி, கோவை சரவணம்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு லிஃப்டில் ஏற்றினேன். அந்த அடுப்பில் விற்பனைக்கான முதல் கேக் வெந்தது அடுத்த சித்திரையில். நடுவில் ஆறு மாதம் அது சமையலறை மேடையில் துணி போர்த்திக் கிடந்தது. குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி இல்லை, உணவுப் பதிவு இல்லை, அலுவலகத்தில் சொல்லவில்லை, பிளக் பாயிண்டும் சரியில்லை.

இதெல்லாம் ஒன்றரை மாதத்தில் முடியக்கூடிய வேலை. வரிசை தெரியாததால் எனக்கு ஆறு மாதமானது. வாரம் முழுக்க வேலைக்குப் போய்க்கொண்டு, சனி ஞாயிறில் நாலைந்து கேக் செய்து விற்கலாம் என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். காகித வேலைக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு 2,500 ரூபாய்க்குள். கீழே உள்ள தொகைகள் 2023ல் நான் கொடுத்தவை. நீங்கள் கட்டும் முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுங்கள்

பெரும்பாலான தனியார் நிறுவனப் பணி ஆணைகளில், எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். நாம் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்போம். மனிதவளப் பிரிவுக்கு நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் போதும்: என்ன செய்யப் போகிறேன், எந்த நாளில், அலுவலக நேரமோ கணினியோ இதற்குப் பயன்படாது, நிறுவனத்தின் தொழிலோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. எனக்குப் பதில் வர 12 நாளானது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

மாநில அரசுப் பணியில் இருந்தால் 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் உண்டு. முன் அனுமதி இல்லாமல் தொழில் செய்ய முடியாது. வீட்டில் இன்னொருவர் பெயரில் தொடங்குவதானால் எல்லாத் தாளும் அவர் பெயரில், செய்பவரும் அவராகவே இருக்கட்டும்.

2. வீட்டுக்காரர், சங்கம், கீழ் வீடு

வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருக்கும். அதனால் முதலில் வீட்டுக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். என் வீட்டுக்காரர் பெருந்துறையில் இருக்கிறார். போனில் சரி என்று சொன்னதை நம்பி நான் ஒரு மாதம் கடத்தினேன். சங்கத்தில் கேட்டது எழுத்தில். நேரில் போய், அவர் வீட்டில் மோர் குடித்து, அரைப் பக்கக் கடிதம் வாங்கி வர அரை நாள்தான் ஆனது.

அடுத்தது குடியிருப்போர் சங்கம். அதன் துணை விதிகளை ஒரு பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள். எங்கள் சங்கக் கூட்டம் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போச்சு. மனுவை ஒரு வாரம் முன்பே செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 'அனுமதி வேண்டும்' என்று மட்டும் எழுதினால் நூறு கேள்வி வரும். அந்தக் கேள்விகளுக்கான பதிலையே மனுவாக எழுதினேன்: வாங்க வருகிறவர் யாரும் மாடி ஏற மாட்டார், கேட்டிலேயே நான் கொண்டுவந்து கொடுப்பேன். பெயர்ப்பலகை வைக்க மாட்டேன். மிக்சர் காலை 8 முதல் இரவு 8 வரைதான் ஓடும். முட்டை ஓடும் குப்பையும் தனி உறையில் கட்டி நானே கீழே கொண்டு போவேன். வெண்ணெய் படிந்த பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவேன்.

அந்தக் கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா மாடிச் சமையலறைத் தண்ணீரும் ஒரே குழாயில்தான் இறங்குகிறது. வெண்ணெய் சூட்டில் உருகி உள்ளே போய், குழாயில் குளிர்ந்து, கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் எதிர்த்து ஏறுவது தரைத்தள வீட்டில். ஒருமுறை அப்படி ஆனால் சங்கத்தின் அனுமதி அன்றோடு போய்விடும்.

மனு நிறைவேறினாலும், கீழ் வீட்டுக்கு நீங்களே இறங்கிப் போங்கள். அனுமதி கிடைக்கும் முன் சோதனைக்காக ஒரு ராத்திரி வேலை முடிந்து வந்து ஸ்டாண்ட் மிக்சரை ஓட்டினேன். மறுநாள் கீழ் வீட்டுப் பெரியவர் படிக்கட்டில் நிறுத்தினார்.

"அம்மிணி, கேக்கு செய்யறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. பத்து மணிக்கு மேல தலைக்கு மேல கடகடன்னு ஓடுது பாருங்க, அதுதான் தூக்கம் கெட்டுப்போகுது."

"இனி எட்டு மணிக்கு மேல ஓட்ட மாட்டனுங்கய்யா. அடியில ஏதாச்சும் போட்டுப் பாக்கறனுங்க."

ஒரு அங்குல கன ரப்பர் விரிப்பு 350 ரூபாய். அதன்மேல் மிக்சரை வைத்த பிறகு அவர் வீட்டில் நின்று கேட்டுப் பார்த்தேன், சத்தம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அப்படிக் கேட்டுப் பார்க்க அவரே கூட்டிக்கொண்டு போனார்.

3. உணவுப் பாதுகாப்புப் பதிவு

வீட்டில் செய்து விற்றாலும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் உண்டு. நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை இருப்பவர்களுக்கு 'பதிவு' போதும், அதற்கு மேல் 'உரிமம்'. பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். அப்போது ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்ட முடிந்தது. நான் ஐந்தாண்டுக்கு 500 கட்டினேன்.

விண்ணப்பம், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில். தேவையானவை: புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, செய்யப் போகும் பொருள்களின் பட்டியல். இடத்துக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வீட்டுக்காரர் கடிதம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் முகவரி. என் ஆதாரில் கோபிச்செட்டிபாளையத்துப் பிறந்த வீட்டு முகவரி. தொழில் நடக்கும் இடம் சரவணம்பட்டி. இரண்டையும் இணைக்கும் ஒரு தாளும் நான் ஏற்றவில்லை. விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. திரும்பியது என் கணக்கில் உள்ளே நுழைந்தால்தான் தெரியும், நான் குறுஞ்செய்தி வரும் என்று காத்திருந்து மூன்று வாரத்தை விட்டேன். விண்ணப்பித்த பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஒப்பந்தத்தையும் வீட்டுக்காரர் கடிதத்தையும் சேர்த்து அனுப்பிய 11ஆம் நாள் சான்றிதழ் வந்துவிட்டது. விதிப்படி 7 நாளில் பதிவைத் தரவேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்கவேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிப்புத் தரவேண்டும்.

இன்னொரு இடறல், தொழில் வகையைத் தேர்ந்தெடுப்பது. வாங்கி விற்பவருக்கு ஒரு வகை, செய்து விற்பவருக்கு வேறு. நாம் மாவைப் பிசைந்து வேகவைக்கிறோம், அதனால் தயாரிப்பாளர். கேக், பிஸ்கட், ரொட்டி என்று செய்யப் போவதை எல்லாம் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இந்த 100 ரூபாய் வேலைக்கு 2,500, 3,000 கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. அவர்கள் தங்கள் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கணக்கில் போட்டுவிடுவார்கள். அப்புறம் புதுப்பிக்கவும் திருத்தவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே செய்துவிடலாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் அப்படித்தான். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், அரசு அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள்தான் பணம் கேட்கும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் நமக்குப் பாலக்காடு ஒரு மணி நேரத் தூரம். அங்கே இருக்கும் சொந்தக்காரர் வழியாக ஆர்டர் வரும். வாளையார் தாண்டி அனுப்பினால் அது வேறு மாநில விற்பனை, தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். வாங்குபவர் கோவைக்கு வந்து என் கேட்டில் வாங்கிக்கொள்வதாக இருந்தால் மட்டும் அந்த ஆர்டரை எடுக்கிறேன்.

4. உடம்பும் தண்ணீரும்

உணவைத் தொட்டு வேலை செய்பவர் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டும். எனக்கு 600 ரூபாய் ஆனது. டைபாய்டு தடுப்பூசி பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். குடிநீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்க 800. எங்கள் குடியிருப்பில் ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு மாவுக்கு வடிகட்டிய தண்ணீர் மட்டுமே.

5. இப்போது மின்சாரம், அதன் பிறகு அடுப்பு

60 லிட்டர் அடுப்பு ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சமையலறை மேடையில் மிக்சிக்கு வைத்திருக்கும் 6 ஆம்பியர் பாயிண்டில் மாற்று பிளக் போட்டுச் செருகினால் பாயிண்ட் உருகும். எனக்கு இரண்டாம் நாளே பிளாஸ்டிக் வாடை வந்தது. 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மூன்றும் போட எலக்ட்ரீஷியன் கூலியோடு 2,800 ஆனது. வாடகை வீடானால் இதையும் வீட்டுக்காரர் கடிதத்தில் சேர்த்து எழுதி வாங்குங்கள். அடுப்பு ஓடும்போது கீசர் போடாதீர்கள்.

மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டில் கிடைத்த சலுகையும் கொஞ்சம் போய்விடும். உங்கள் பழைய ரசீதுகள் மூன்றை எடுத்துப் பாருங்கள். 480ல் நிற்கும் வீட்டில் மாதம் பத்து கேக் கணக்கையே மாற்றிவிடும். வீட்டு இணைப்பிலேயே இதைச் செய்யலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். எந்தப் பகுதி என்று முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். குடியிருப்பு ஜெனரேட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான், அடுப்பைத் தாங்காது. ஒரு சனிக்கிழமை மூன்று கேக்குக்கு மாவு கலந்த பிறகு கரண்ட் போனது. பேக்கிங் பவுடர் கலந்த மாவு காத்திருக்காது. கரண்ட் வந்த பிறகு வேகவைத்த மூன்றும் நடுவில் அமுங்கிப் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுப்பு வாங்கும்போது 700 ரூபாய்க்கு ஒரு அடுப்பு வெப்பமானியும் வாங்குங்கள். என் அடுப்பில் குமிழை 180ல் வைத்தால் உள்ளே 205 இருக்கிறது. மூன்று கேக் கருகிய பிறகுதான் குமிழை நம்பக்கூடாது என்று புரிந்தது.

6. நம் ஊர்ப் பொருளை நம் ஊர் அறிந்து வாங்குங்கள்

ஊத்துக்குளி வெண்ணெயின் மணம் எந்தப் பொட்டல வெண்ணெயிலும் வராது. ஆனால் சமையல் குறிப்புகள் எழுதப்படுவது பெரும்பாலும் பொட்டல வெண்ணெயை வைத்து. உப்புப் போட்ட பொட்டல வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்கவேண்டும் என்பது விதி. வெள்ளை வெண்ணெய்க்கு 76 போதும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீர். அளவு மாற்றாமல் அப்படியே போட்டால் கேக் அடியில் களி மாதிரி நிற்கும். வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் இரண்டு முறை பிசைந்து, மோர் வாடை போக அலசி, சுத்தமான துணியில் அழுத்தித் தண்ணீரை எடுங்கள். குறிப்பில் இருக்கும் பாலில் ஒரு மேசைக்கரண்டியைக் குறையுங்கள். உப்பைத் தனியாகச் சேருங்கள்.

நாமக்கல் முட்டைக்குத் தினமும் விலை அறிவிக்கிறார்கள். மொத்தமாக வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை நம்பாமல் உடைத்து எடை போடுங்கள், சின்ன முட்டை வரும் நாளில் ஐந்துக்கு ஆறு தேவைப்படும். புரட்டாசியிலும், கார்த்திகை மார்கழியில் மாலை போட்ட வீடுகளிலும் முட்டையில்லாத கேக்தான் கேட்பார்கள். அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்திருங்கள். கழுவிவிட்டோம் என்று சொன்னால் விரதக்காரர் மனசு ஒப்பாது. ஒப்ப வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கேக்குக்கு அருமையான நிறம் தரும். அதில் ஈரம் உண்டு, கட்டியும் உண்டு. சலித்து, நிழலில் அரை நாள் பரப்பி வைத்த பிறகு எடை போடுங்கள்.

7. விலை

நான் ஒரு கிலோ வெண்ணெய்க் கேக்கை முதலில் 350 ரூபாய்க்குக் கொடுத்தேன். உண்மைக் கணக்கு இது: மைதா 250 கிராம் 13 ரூபாய், வெண்ணெய் 250 கிராம் 150, சர்க்கரை 250 கிராம் 11, முட்டை ஐந்து 30, எசன்ஸும் பேக்கிங் பவுடரும் 10, பெட்டியும் அட்டையும் 36, மின்சாரம் ஒன்றரை யூனிட் 12. ஆக 262. உடைவது, கருகுவது, ருசி பார்ப்பது என்று பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 288. மிச்சம் 62 ரூபாய். கலக்க, வேகவைக்க, கழுவ, கட்ட எனக்கு இரண்டு மணி நேரம். மணிக்கு 31 ரூபாய் கூலி.

இப்போது என் கூலியை மணிக்கு 120 என்று வைத்திருக்கிறேன். 288ம் 240ம் சேர்ந்து 528. தேய்மானமும் சேர்த்து 600 சொல்கிறேன். ஒறம்பரை (சொந்தக்காரர்), பக்கத்து வீடு எல்லோருக்கும் அதே விலை. சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள், நான் மாற்றவில்லை. என் இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பில்லை என்று நானே சொன்னால் வேறு யார் மதிப்பார்கள்?

இதில் எடையில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு கிலோ மாவுக் கலவை வெந்து வெளியே வரும்போது ஒரு கிலோ இருக்காது. என் அடுப்பில் 80 முதல் 100 கிராம் ஆவியாகப் போகிறது. ஆறிய கேக்கை எடை போட்டு, அந்த எடையைத்தான் எழுத வேண்டும். ஒரு கிலோ கேட்டவருக்கு 1,120 கிராம் கலவை ஊற்றுங்கள், பொருள் கணக்கையும் அதற்கேற்ப ஏற்றுங்கள்.

8. பெட்டிமேல் ஒட்டும் சீட்டு

பொருளின் பெயர், சேர்மானங்கள் அதிக அளவிலிருந்து குறைவு என்ற வரிசையில், நிகர எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், விலை, உங்கள் பெயர் முகவரி, 14 இலக்கப் பதிவு எண். கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தனியே சொல்ல வேண்டும். முட்டையில்லாததற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். முட்டை சேர்த்தால் அது அசைவக் கணக்கு: பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய மாதிரிகளில் பழுப்பு வட்டம் இருக்கும், அதை நகலெடுக்காதீர்கள். பதிவு எண் வரும் முன் ஆயிரம் சீட்டு அச்சடிக்கவும் வேண்டாம், நான் அடித்தவை பரணில் இருக்கின்றன.

9. சனிக்கிழமையின் நேரம்

வேலைக்குப் போகிறவருக்கு வாரம் நாலு கேக் போதும். வியாழன் இரவோடு ஆர்டரை மூடுங்கள். வெள்ளி மாலை வெண்ணெய் அலசி, உலர்ந்த பொருள்களை எடை போட்டு டப்பாவில் வையுங்கள். சனி காலை 8 மணிக்கு மிக்சர். 8.20க்கு அடுப்பைச் சூடாக்க வையுங்கள், 8.40க்கு முதல் தட்டு உள்ளே.

ஒரு கேக் 45 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கக்கூடாது, அடுப்பை விட்டு வெகுதூரம் போகவும் கூடாது. போனை எடுத்தால் நேரம் போவது தெரியாது, இரண்டு கேக்கை அப்படித்தான் தீய்த்தேன். இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் வாங்கி, படிக்காமல் அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் இந்த முக்காலியில்தான் முடிந்தன. நடுத்தரமான கதை ஒன்று எனக்கு இருபது நிமிடம். இரண்டு கதை முடியும்போது வாசமும் வந்துவிடும், குச்சியைக் குத்திப் பார்க்கலாம். நாவல் வேண்டாம், அடுத்த அத்தியாயம் இழுக்கும். புத்தகத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த மாவைத் தொடுங்கள்.

கேக் முழுதாக ஆற இரண்டு மணி நேரம். சூட்டோடு பெட்டியில் போட்டால் உள்ளே வேர்த்து இரண்டாம் நாளே பூசணம் வரும், பங்குனி சித்திரையில் இன்னும் சீக்கிரம். நாலாவது கேக் அடுப்பிலிருந்து வெளியே வர மதியம் 12.30 ஆகிவிடும். அதனால் கேட்டில் கொடுக்கும் நேரத்தை மாலை 4 முதல் 6 வரை என்று வைத்திருக்கிறேன். காவலாளி அண்ணாவிடம் வாங்க வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை 3 மணிக்கே கொடுத்துவிடுங்கள். அவர் போன் பண்ணியதும் பெட்டியோடு கீழே இறங்கிவிடலாம்.